கடையைப் புதுப்பிக்கவும்

ஏப்ரல் 4

அன்புள்ள தங்கச்சிக்கு,

அண்ணன் சொல்ல, பக்கத்துக் கடைத் தையல்காரர் எழுதுவது. போன் பண்ணினால் என் குரல் கேட்டதுமே வைத்துவிடுகிறாய். போன வருஷம் வாசலில் நின்று, "இனிமே எதுவா இருந்தாலும் எழுத்துல வரட்டும்" என்று சொல்லிவிட்டுப் பேருந்து ஏறினாய். எழுதத் தெரியாதவனிடம் சொல்கிற பேச்சா அது? சரி, எழுத்திலேயே வருகிறேன்.

ஜனவரியில் உன் கார்டு வந்தது. நலமா என்றுகூட இல்லை. ஒரே வரி. "ஒன்பது வருஷம் இந்த ஜூனோடு முடிகிறது, மார்ச் முடிவதற்குள் கடையைப் புதுப்பிக்கவும்." தையல்காரரைத் திரும்பவும் படிக்கச் சொல்லிக் கேட்டேன். கோபம் இருந்தாலும் கடைமேல் அக்கறை போகவில்லையே என்று மனசு குளிர்ந்தது. நீ சொன்னதும் நியாயம்தான். அடுப்புக்குச் செங்கல் மாற்றி ஒன்பது வருஷம் ஆகிறது. அன்றைக்குக் கொத்தனாருக்குக் காய்ச்சல், அவன் மச்சான்தான் வந்து வேலையை முடித்தான், நீ அவனுக்கு வெந்நீர் போட்டுக் கொடுத்தாய். எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது.

நீ சொன்னபடியே செய்தேன். கடையை மூடிப் போட்டுச் சுவர் மொத்தமும் சுரண்டி வெள்ளை அடித்தேன். அடுப்பின் வளைவைப் பிரித்து, சூடு தாங்கும் செங்கல் வைத்துப் புதிதாகக் கட்டினேன். ரொட்டி இப்போது ஒரே நிறமாக வேகிறது. மார்ச் முடிவதற்குள் எல்லாம் ஆயிற்று.

நேற்று வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. படிக்கப் படிக்கத் தையல்காரரின் குரல் இறங்கிக்கொண்டே போனது. கடையைப் புதுப்பிக்கக் கேட்கவில்லையாம், ஆகவே ஜூன் முப்பதில் காலி செய்ய வேண்டுமாம். கேட்காமல் கட்டடத்தை மாற்றியது வேறு குற்றமாம். நான்தான் புதுப்பித்துவிட்டேனே! கொத்தனார் வேலை செய்யும்போது கட்டடத்துச் சின்ன முதலாளி வாசலில் நின்று, "ரொம்ப நல்லா வருதே பெரியவரே" என்று சொல்லிவிட்டுப் போனார். அவருடைய அப்பா இருந்திருந்தால் இப்படி நடக்குமா?

என்ன தப்பு செய்தேன் என்று எழுது. அடுப்பைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வேறு தெருவுக்குப் போக முடியாது. மாவு மூட்டைக்கு மேலே இருக்கிற அந்த அறையைத் தவிர எனக்குப் படுக்க வேறு இடமும் இல்லை.

அண்ணன்


ஏப்ரல் 11

அண்ணா,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் முதலில் சிரித்தேன். அப்புறம் குளியலறைக்குள் போய் அழுதேன். என் மகள் வீட்டில் தாழ்ப்பாள் போட்டுக்கொள்ள எனக்கு வாய்த்த ஒரே இடம் அதுதான்.

புதுப்பிக்கவும் என்று நான் எழுதியது வாடகை ஒப்பந்தத்தை. சுவரை இல்லை, அடுப்பை இல்லை. தையல்காரரே, இதை மெதுவாகப் படியுங்கள், அவர் நடுவில் பேசினாலும் நிறுத்தாதீர்கள். நம் பத்திரம் ஒன்பது வருஷத்துக்குப் பதிவு செய்தது. இன்னும் வேண்டுமென்றால், முடிவதற்கு மூன்று மாதம் முன்னாலேயே, அண்ணனும் நானும் கையெழுத்துப் போட்டு, வேண்டும் என்று எழுத்தில் கேட்க வேண்டும். கேட்டால் புதுப் பத்திரம் எழுதி, பதிவு அலுவலகத்தில் பதிந்து கொடுப்பார்கள். கேட்காவிட்டால் இடம் அவர்களுடையது. மார்ச்சோடு அந்த வாய்ப்பு போய்விட்டது. எழுத்தில் அனுமதி வாங்காமல் கட்டடத்தில் கை வைக்கக்கூடாது என்று அதே பத்திரத்தில் இன்னொரு ஷரத்தும் இருக்கிறது. நீங்கள் ஒரு வேலையைச் செய்யாமல் விட்டீர்கள், செய்யக்கூடாத வேலையைச் செய்துவிட்டீர்கள். இரண்டும் ஒரே மாதத்தில்!

என் வாய்தான் காரணம், தெரிகிறது. ஒப்பந்தம் என்ற சொல்லை நாம் என்றைக்குப் பேசினோம்? "அண்ணா, கடை முடியுது, வாங்க" என்று நான் கூப்பிடுவேன். நீங்கள் மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, எங்கே என்று கேட்காமல் கட்டைவிரலை நீட்டுவீர்கள். அந்தப் பழக்கத்தில் கார்டிலும் கடை என்றே எழுதிவிட்டேன்.

இதற்காக நான் புறப்பட்டு வருவேன் என்று நினைக்காதீர்கள். போன வருஷம், ரொட்டி எடுக்க வந்த ஓட்டல்காரர் முன்னால், பன் வாங்க வந்து நின்றவர்கள் முன்னால், என்ன சொன்னீர்கள்? "முதலாளி நான். இவளுக்குப் பத்திரத்துல பேரு மட்டும்தான்." கல்லாவிலிருந்து என் கண்ணாடியை எடுத்துக்கொண்டு நான் இறங்கும்போது ஒருவர்கூட என்னைப் பார்க்கவில்லை, உங்களையும் சேர்த்து.

சின்ன முதலாளியை நேரில் பார்த்துப் பேசிப் பாருங்கள். என்ன சொன்னார் என்று எழுதுங்கள்.

தங்கை


ஏப்ரல் 19

அன்புள்ள தங்கச்சிக்கு,

நீ எழுதியதைத் தையல்காரர் நிறுத்தாமல்தான் படித்தார். ஓட்டல்காரர் விஷயம் வந்த இடத்தில் மட்டும் இருமினார். இனிமேல் அந்த மாதிரி வரிகளை எழுதினால் இருமல் மருந்தும் சேர்த்து அனுப்பு என்கிறார். இதை எழுதவேண்டாம் என்றேன், எழுதிக்கொண்டிருக்கிறார்.

சின்ன முதலாளி வீட்டுக்குப் போனேன். செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன். உட்காரச் சொன்னார். குரலெல்லாம் தேன்தான்.

"தம்பி, உங்கப்பா எனக்கு வாக்குக் கொடுத்திருக்கார். நீ இருக்கற வரைக்கும் இந்த அடுப்பு எரியும்னு சொன்னார். அன்னிக்கு மழை. கையில கறுப்புக் குடை, கம்பி ஒண்ணு ஒடிஞ்சிருந்துச்சு. எங்க கடை வாசல்ல நின்னுதான் சொன்னார்."

"குடை எல்லாம் சரி பெரியவரே. எழுத்துல இருக்கா?"

"என் காதுல இருக்கு."

"காதைக் கொண்டுபோய்ப் பதிவு பண்ண முடியாதே" என்று சொல்லிச் சிரித்தார். காப்பி கொண்டுவந்த அம்மாவும் சிரித்தாள். நானும் சிரித்துவைத்தேன். வேறு என்ன செய்ய? எழுபது வருஷத்தில் யார் எங்கே நின்று எதைச் சொன்னார் என்று அத்தனையும் எனக்குள் இருக்கிறது தங்கச்சி. அதில் ஒரு சொல்லைக்கூட எந்த அலுவலகத்திலும் வாங்கிக்கொள்ள மாட்டார்களாம்.

ஆனால் கடைசியில் அவரே இறங்கி வந்தார். மருந்துக் கம்பெனி ஒன்று அந்த இடத்தைக் கேட்கிறதாம். இருந்தாலும் என் வயசைப் பார்த்து, பதினோரு மாதம் எழுதித் தருகிறேன் என்கிறார். பதிவும் வேண்டாம், அலைச்சலும் வேண்டாம், வீட்டிலேயே தாளில் விரல் வைத்தால் போதுமாம். "எதுக்கு அந்தம்மாவை அவ்வளவு தூரத்துலேர்ந்து வரவழைக்கணும்? பாவம்" என்றார். உன்மேல்கூட இரக்கம் இருக்கிறது அவருக்கு.

நீ வரமாட்டாய் என்று எழுதிவிட்டாய். எனக்கு வேறு யார்? அடுத்த வாரம் தாளோடு வருகிறாராம். அதற்குள் ஒரு வரி போடு.

அண்ணன்


ஏப்ரல் 25

அண்ணா,

விரல் வைக்காதீர்கள். இந்தக் கடிதத்தில் வேறு எதையும் படிக்க நேரமில்லை என்றால் இதை மட்டும் படித்தால் போதும்.

பதினோரு மாதம் என்று அவர் சொன்னது உங்கள்மேல் இரக்கப்பட்டு இல்லை. ஒரு வருஷத்துக்கு மேற்பட்டால் பதிவு செய்தே ஆகவேண்டும். பதிவு செய்தால் அதை ஒருவர் மட்டும் நினைத்துக் கலைக்க முடியாது. அதற்குக் கீழே நின்றுகொண்டால், அவசரம் வந்த அன்றைக்கு உங்களை வெளியே அனுப்பிவிடலாம்.

இன்னொன்று. என்னை வரவழைக்க வேண்டாம் என்றாராமே, அங்கேதான் எனக்கு உறுத்துகிறது. என்மேல் பாவப்படுகிற அளவுக்கு அவருக்கு என்னைத் தெரியாது. வாடகை ரசீதில் தேதி போடாமல் கொடுத்தபோது திருப்பிக் கொடுத்து எழுத வைத்தவள் நான். அன்றைக்கு அவர் முகம் போன போக்கை நீங்கள் பார்க்கவில்லை.

எந்தத் தாளாக இருந்தாலும் தையல்காரர் முழுவதும் படிக்கட்டும். அதன் நகலை எனக்கு அனுப்புங்கள். நான் படிக்கும்வரை அந்தக் கட்டைவிரலை மாவிலேயே வைத்திருங்கள்.

தங்கை


ஏப்ரல் 25

அன்புள்ள தங்கச்சிக்கு,

வைத்துவிட்டேன்.

தையல்காரர் மைத்துனர் வீட்டுக்குப் போயிருந்தார். சின்ன முதலாளி திடீரென்று வந்துவிட்டார், கூட இன்னொரு ஆள், கையில் மைப்பெட்டி. கடையில் கூட்டம். தட்டு அடுப்புக்குள் இருக்கிறது. "நான் வாசிக்கிறேன், கேட்டுக்கோங்க" என்றார். வாசித்தார். அதை அப்படியே சொல்கிறேன். "இந்தக் கடையில் பெரியவர் ஜூலை முதல் தேதியிலிருந்து பதினோரு மாதம் இருந்துகொள்ளலாம். அடுப்பு அவர் பொறுப்பு. வாடகை பழையபடி." அவ்வளவுதான் வாசித்தார். நடுவில் ஒரு தடவை மூச்சு விட்டார், "அடுப்பு" என்ற சொல்லுக்கு முன்னால். நான் விரலை நீட்டினேன்.

சாயங்காலம் தையல்காரர் வந்து, அவர்கள் விட்டுப்போன நகலைப் படித்தார். "இருங்க, நீங்க சொல்றது இதுல எங்கே இருக்கு?" என்று முன்னும் பின்னும் திருப்பினார். அதில் பதினோரு மாதமே இல்லை. "நாங்கள் இருவரும் எங்கள் சொந்த விருப்பத்தின் பேரில் ஜூன் முப்பதில் கடையையும் அதிலுள்ள கட்டுமானங்களையும் ஒப்படைக்கிறோம், இனி எந்த உரிமையும் கோரமாட்டோம்" என்று இருக்கிறது. கட்டுமானம் என்றால் என்ன என்று கேட்டேன். அடுப்பு என்றார்.

அவர் வாயிலிருந்து வந்ததில் ஒரு சொல்கூட நான் மறக்கவில்லை. தாளில் அதில் ஒரு சொல்கூட இல்லை. யாரிடம் போய்ச் சொல்வேன்? கண்ணால் பார்த்துத்தானே விரல் வைத்தாய் என்பார்கள். கண் இருக்கிறதே எனக்கு, அதுதான் தொல்லை.

என் ரேகைக்குப் பக்கத்தில் இன்னொரு கோடு காலியாக இருக்கிறதாம். அதற்குக் கீழே உன் பேர் அச்சடித்திருக்கிறதாம். அங்கே வருவார்கள். நீ என்ன செய்தாலும் நான் கேட்கமாட்டேன். கேட்கிற வாய் எனக்கு இல்லை.

இன்றைக்கு அடுப்பிலிருந்த ரொட்டி மொத்தமும் கருகிவிட்டது. அடுப்புமேல் தப்பில்லை.

அண்ணன்


மே 9

அண்ணா,

என் கடிதம் உங்களுக்குப் பிந்தி வந்திருக்கும். உங்களுடையது வந்த மறுநாளே அவர்களும் வந்துவிட்டார்கள். சின்ன முதலாளி, மருந்துக் கம்பெனி ஆள் ஒருவர், ஒரு பழக்கூடை.

மருமகன் அவர்களை வரவேற்பறையில் உட்கார வைத்தார். எனக்கு நாற்காலி இல்லை, பேரனின் படிப்பு மேஜையிலிருந்து ஒன்றை இழுத்துக்கொண்டேன். சின்ன முதலாளி தாளை நீட்டினார். "ஒண்ணுமில்லம்மா, ஒரு கையெழுத்து. உங்க அண்ணன் வெச்சுட்டார், பாருங்க."

பார்த்தேன். உங்கள் ரேகை எனக்குத் தெரியாதா? நடுவில் அந்தத் தழும்பு.

"நான் போடலைன்னா?"

கம்பெனி ஆள் அவசரப்பட்டுவிட்டார். "இல்லம்மா, நீங்க போட்டாத்தான் எங்க லீஸைப் பதிவு பண்ண முடியும். பழைய பத்திரம் ரெண்டு பேர் பேர்ல பதிவாகியிருக்கே. ஒருத்தர் மட்டும் ஒப்படைச்சா எங்க வக்கீல் ஒத்துக்க மாட்டேங்கறார்." சின்ன முதலாளி அவரைப் பார்த்த பார்வையில் பழமே வாடியிருக்கும்.

உண்மையைச் சொல்கிறேன் அண்ணா. அதற்கப்புறமும் நான் பேனாவைத் திறந்தேன். அந்த ஓட்டல்காரரின் முகம் கண் முன்னால் வந்தது. ஒரு கோடு இழுத்தால் உங்களுக்கும் எனக்கும் கணக்குத் தீர்ந்துவிடும் என்று தோன்றியது. அப்போது சின்ன முதலாளி வாயைத் திறந்தார். "யோசிக்காதீங்கம்மா. உங்களுக்குப் பேரு மட்டும்தான்னு உங்க அண்ணனே ஊர் முழுக்கச் சொல்லியிருக்காரே."

பேனாவை மூடிவிட்டேன்.

அதைச் சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது. உங்களை அதற்காகத் திட்ட எனக்கும் உரிமை இருக்கிறது. அவனுக்கு என்ன?

"ஆமா, பேரு மட்டும்தான். அதைத் தரமாட்டேன்" என்றேன். "வேணும்னா மூணு வருஷத்துக்குப் புதுப் பத்திரம் எழுதுங்க. அடுப்பு இப்ப இருக்கறபடியே இருக்கும்னு அதுல எழுதுங்க. பதிவு அலுவலகத்துல பதிஞ்சு கொடுங்க. இல்லைன்னா கோர்ட்டுக்குப் போங்க, நானும் வந்து நிக்கறேன். எனக்கு இங்கே வேற வேலை இல்லை." அதையே எழுதிப் பதிவுத் தபாலிலும் அனுப்பிவிட்டேன்.

அவர்கள் போனபின் மருமகன், "எதுக்கு அத்தை வம்பு?" என்று கேட்டார். மகள் பழத்தைக் கழுவினாள்.

அவர்கள் மசிவார்களா என்று எனக்குத் தெரியாது. மார்ச்சில் நாம் கேட்கவில்லை என்பது நம் கழுத்தில்தான் இருக்கிறது. நம்பிக்கை வைத்துவிடாதீர்கள்.

தங்கை


ஜூன் 14

அன்புள்ள தங்கச்சிக்கு,

பதில் வந்ததா? இங்கே ஒரு சத்தமும் இல்லை. சின்ன முதலாளி கடை வழியாகப் போவதை விட்டுவிட்டார், எதிர்ப்பக்கமாகப் போகிறார்.

நேற்று மருந்துக் கம்பெனியிலிருந்து ஆட்கள் வந்தார்கள். நான் உள்ளே இருக்கும்போதே அளவு நாடாவை இழுத்தார்கள். "கொஞ்சம் ஒதுங்குங்க தாத்தா" என்றார்கள், ஒதுங்கினேன். என் கடையில் நான் ஒதுங்கி நின்றேன். ஒருவன் அடுப்பு வளைவைக் கையால் தட்டிப் பார்த்தான். "புதுசால்ல இருக்கு! கெட்டியா கட்டியிருக்கான். உடைக்க ரெண்டு ஆள் வேணும்" என்றான். நல்ல வேலை என்று பாராட்டத்தான் சொன்னான், பாவம்.

புளித்த மாவை ஒரு கிண்ணம் எடுத்து வைத்துக்கொண்டு யாரிடம் கொடுப்பது என்று யோசித்தேன். நீ வாசலில் இறங்கிய அன்றும் அந்த மாவுதான் தொட்டியில் பொங்கிக்கொண்டிருந்தது. தினம் கொஞ்சம் எடுத்து வைத்து மறுநாள் மாவில் சேர்க்கிறோம், அதுவாக முடிவதே இல்லை. அடுப்பு இல்லாமல் அதை யார் வாங்கிக்கொள்வார்கள்?

புது மாவு மூட்டைகளை இறக்கச் சொல்லவில்லை. இந்த மாதத்துக்குமேல் மாவு வேண்டாம் என்று மில்லில் சொல்லவும் நாக்கு வரவில்லை. ராத்திரி படுத்தால் கீழே அடுப்பு ஆறுகிற சத்தம் கேட்கிறது. உனக்குத் தெரியும் அந்தச் சத்தம், செங்கல் டிக் டிக்கென்று விடும். அது நின்ற பிறகு எனக்குத் தூக்கம் வருவதில்லை.

தையல்காரர் வேறு கடை பார்க்கலாமா என்று கேட்டார். எழுபது வயசுக்கு மேல் எனக்கு யார் ஒன்பது வருஷம் எழுதிக் கொடுப்பார்கள்? கேட்கவே அவர்களுக்குச் சிரிப்பு வரும்.

நல்லதோ கெட்டதோ, ஒரு வரி போடு. கார்டு போதும். இந்தத் தடவை எந்தச் சொல்லையும் நான் தப்பாகப் புரிந்துகொள்ள மாட்டேன்.

அண்ணன்


ஜூன் 21

அண்ணா,

பதில் வந்துவிட்டது. மூன்று வருஷம். கோர்ட்டுக்குப் போனால் அந்த மூன்று வருஷம் தானாகவே ஓடிவிடும், எழுதிக் கொடுத்தால் வாடகையாவது வரும் என்று அவர்களுடைய வக்கீலே சொல்லியிருக்கிறார். கம்பெனிக்காரர்கள் காத்திருக்க முடியாதென்று வேறு தெருவில் இடம் பார்த்துவிட்டார்கள். நீங்கள் விரல் வைத்த அந்தத் தாளை ரத்து செய்வதாகவும் புதுப் பத்திரத்தில் ஒரு வரி எழுதச் சொல்லியிருக்கிறேன்.

இருபத்தெட்டாம் தேதி காலையில் பதிவு. அடையாள அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு சாட்சி வேண்டும். தையல்காரர் ஒருவர், இன்னொருவரை அவரே அழைத்து வரட்டும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், மாவு ஒட்டியிருந்தால் ரேகை விழாது.

நான் பேருந்திலிருந்து நேராக அலுவலகத்துக்கு வருவேன். கடைக்கு வரமாட்டேன். பத்திரத்தை நான் படித்து முடிக்கும்வரை விரலைச் சட்டைப் பையில் வைத்திருங்கள்.

தங்கை


ஜூலை 7

அன்புள்ள தங்கச்சிக்கு,

நல்லபடியாக ஊர் போய்ச் சேர்ந்தாய் என்று உன் மகள் தையல்காரருக்குப் போனில் சொன்னாளாம். என்னிடம் பேசக்கூடாது என்று அவளுக்கும் சொல்லி வைத்திருக்கிறாயா?

இளைத்துவிட்டாய். கண்ணாடிக் கால் ஒன்றை நூலால் கட்டியிருந்தாய். நான் பக்கத்தில் நின்றும் நீ என்னைப் பார்க்கவில்லை, பத்திரத்தையே பார்த்தாய். முதல் எழுத்திலிருந்து சத்தம் போட்டுப் படித்தாய். எழுத்தர், "சீக்கிரம்மா, பின்னாடி ஆள் நிக்குது" என்றார். நீ நிமிரவே இல்லை. "கேக்கறவர் காதுலதான் படிப்பார். கொஞ்சம் இருங்க" என்றாய். இத்தனை வருஷத்தில் ஒரு பத்திரத்தை முழுதாக நான் கேட்டது அன்றைக்குத்தான். இப்போதும் தொடக்கத்திலிருந்து முடிவுவரை சொல்வேன். "தற்போதுள்ள அடுப்பு உட்பட" என்று படித்தபோது உன் குரல் கொஞ்சம் தடுக்கியது.

அப்புறம் எழுத்தர் என்னைக் காட்டி, "இவர் உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார். நீ, "கூட்டாளி" என்றாய். அண்ணன் என்று சொல்லவில்லை. கையெழுத்துப் போட்டாய், பையை எடுத்தாய், பேருந்துக்குப் போய்விட்டாய். நான் பொட்டலம் கட்டி வைத்திருந்த ரொட்டியைச் சாட்சிக்காரர் தின்றார்.

தையல்காரர், அந்தம்மா கோபத்தில் சொன்னார்கள், மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்கிறார். நான் கோபம் என்று எடுத்துக்கொள்ளவில்லை. பிறந்ததால் அண்ணன் ஆனேன், அதில் நான் செய்தது ஒன்றுமில்லை. கூட்டாளி என்றால் நீ சேர்த்துக்கொண்டால்தான்.

கடையைப் புதுப்பித்திருக்கிறேன். பயப்படாதே, அடுப்பில் கை வைக்கவில்லை. வாசல் போர்டு மட்டும். சின்ன முதலாளியிடம் எழுத்தில் அனுமதி வாங்கி, தேதி போடச் சொல்லி, அப்புறம்தான் ஏணியே வைத்தேன். பெயிண்டர், "யார் பேரு எழுதணும்?" என்று கேட்டான். உன் பேரைச் சொன்னேன். "உங்க பேரு?" என்றான். அதற்குக் கீழே என்றேன்.

எழுதிவிட்டேன் என்கிறான். தையல்காரரும் சரியாக இருக்கிறது என்கிறார். தெருவில் போகிற நாலு பேரை நிறுத்திக் கேட்டேன், அவர்களும் அதையே படிக்கிறார்கள். ஆனால் தாளில் ஒன்று இருக்க வாயில் வேறொன்று வாசித்ததை நான் ஒரு தடவை கேட்டவன். இனி யார் படித்துச் சொன்னாலும் நம்புவதாக இல்லை.

வந்து நீ படி.

அண்ணன்